ஏரி கோடி போன அன்று எடுத்த படம்

அருள், இந்த உறையின் மேல் ‘விமானத்தில் ஏறிய பிறகு பிரிக்கவும்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதே தெரியும், நீ இன்று சாயங்காலமே பிரித்துவிடுவாய். கிறிஸ்துமஸ் சட்டையை முதல் வாரமே போட்டுப் பார்த்துக் கஞ்சி மடிப்பைக் கலைக்கிற பிள்ளை நீ. பிரி, பரவாயில்லை. ஆனால் உள்ளே ஒரு போட்டோ இருக்கிறது. அதைப் பழுப்புக் காகிதத்தில் சுற்றி ஒட்டியிருக்கிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அதைப் பார். இந்த ஒன்றையாவது நான் சொன்னபடி செய்.

இது மன்னிப்புக் கேட்கிற கடிதம் என்று நினைத்தால் இப்போதே மடித்து வைத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை நீ பெட்டி அடுக்கும்போது சொன்னதற்கு எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. துபாய்க்குக் கொண்டுபோக அப்பா போட்டோ ஒன்று வேண்டும் என்று பீரோவைக் கலைத்தாய். கிடைத்தது கம்பெனி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கின படம்தான். கன்னத்தில் முத்திரை விழுந்த அதே படம், நாம் கல்லறைத் திருநாளுக்கு மாலை போடுகிற படம். மற்றதெல்லாம் பாதி முதுகு, பாதி தோள், இல்லை பிளாஷுக்குக் கண்ணை மூடின முகம். நீ ஆல்பத்தை மூடிவிட்டுச் சொன்னாய்: “ஊர்ல இருக்கிறவங்க பொண்ணு சடங்கு, புள்ள ஞானஸ்நானம் எல்லாம் எடுத்த. தண்ணிய எடுத்த. அப்பாவ ஒண்ணு ஒழுங்கா எடுக்கத் தோணல இல்ல உனக்கு?” அதோடு விட்டாயா? தாடையின் கீழே இருக்கிற தழும்பைத் தடவிக்கொண்டே, “நான் தண்ணில விழும்போது கூட நீ கேமராவுலதான் கண்ண வச்சினு இருந்த. அவரும் நீ சொன்னேன்னு போஸ் குடுத்துகினு இருந்தாரு” என்றாய். இத்தனை வருஷம் அதை மனசுக்குள் வைத்திருந்தாயா? கேட்க நினைத்தேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்விட்டாய்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போது கூட உட்கார முடியவில்லை. எழுந்து போய்த் துவைத்த துணியையே மறுபடி அலசுகிறேன். வாசலுக்குப் போய் யாரும் வராத தெருவைப் பார்க்கிறேன். உன் சித்தி காட்டுப்பாக்கத்திலிருந்து வந்து, “ஒரு இடத்துல உக்காருக்கா, பாக்கிறவங்களுக்குத் தல சுத்துது” என்றாள். நீ போன பிறகு நான் அவள் வீட்டில் அடக்கமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

உனக்குத் தெரியாத கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். உன் மாமா மஸ்கட்டிலிருந்து வந்தபோது எல்லாருக்கும் சேலையும் சென்ட்டும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் தன்னுடைய பழைய கேமராவைக் கொடுத்தார். நான் கேட்டு வாங்கவில்லை. பார்க்க எடுத்தவள் கீழே வைக்கவில்லை, என் கையிலிருந்து திரும்ப வாங்க அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். முதலில் கோயில் பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மையை எடுத்தேன். பிறகு திருமுல்லைவாயில், அம்பத்தூர் பக்கமெல்லாம் பெண்பிள்ளைகளின் சடங்குக்குப் பொம்பளை போட்டோகிராபர் வேண்டும் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒருநாள் சடங்கு வீட்டில் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது, ஷட்டர் வேகத்தை மாற்ற மறந்து அழுத்திவிட்டேன். பிரிண்ட்டில் அந்தப் பெண் கொஞ்சம் மங்கலாக இருந்தாள். தண்ணீர் மட்டும் துளித்துளியாக இல்லாமல், நீளமான வெள்ளைத் துணி மாதிரி அவள் தலையிலிருந்து இறங்கியிருந்தது. அந்த வீட்டார் அதை வேண்டாம் என்று திருப்பித் தந்தார்கள். நான் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பைத்தியம் பிடித்தமாதிரி இருந்தேன்.

அதற்குப் பிறகு ஓடுகிற தண்ணீர் எதைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். மழைக்காலத்தில் திருவேற்காட்டுப் பக்கம் கூவத்தில் புதுத் தண்ணீர் வந்தால் போய் நிற்பேன். தெருக்குழாய் உடைந்தால் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்க வேண்டும் என்றால் கையில் பிடித்து எடுக்க முடியாது, நம் இதயத்துடிப்பே படத்தைக் கலைத்துவிடும். அதற்கு உன் அப்பா ஒரு வழி செய்தார். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர் அல்லவா, கழிவுப் பைப்பில் முக்காலி ஸ்டாண்ட் ஒன்று செய்துகொண்டு வந்தார். கேமராவின் அடியில் ஏறுகிற ஸ்க்ரூவைத் தானே கடைந்திருந்தார். தூக்கினால் தோள் இறங்கும், அத்தனை கனம். “தண்ணிய போட்டோ புடிக்கிற மொத பொம்பள நீதான்மே. வெளில சொல்லாத, சிரிப்பாங்க” என்பார். சொல்லிவிட்டு அவரே அந்த ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூட வருவார்.

கலர் லேப்பில் சிரித்தார்கள்தான். அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த லேப், உனக்கு நினைவிருக்கும். அங்கே கவுண்ட்டரில் இருந்த தாஸ் நல்ல மனிதர். ரோலைக் கழுவிப் பார்த்து, அசைந்துபோன பிரேம் எதுவோ அதைப் பிரிண்ட் போட மாட்டார். எல்லா லேப்பிலும் அதுதான் வழக்கம். கலைந்த படத்தைப் போட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். என்னுடைய தண்ணீர்ப் படமெல்லாம் அவருக்கு அசைந்த படம்தான். அதனால் கவரின் மேல் ‘ஷேக் ஆனதையும் போடவும்’ என்று ஒவ்வொரு தடவையும் எழுதித் தருவேன். அதைப் பார்த்ததும் தாஸ், “இன்னாக்கா, மறுபடியும் தண்ணியா?” என்பார். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்த நாள். நீ மூன்றாவது படித்தாய். ஐப்பசி மழை நிற்காமல் பெய்து, பருத்திப்பட்டு ஏரி நிரம்பிக் கோடி போகிறது என்று தெருவெல்லாம் பேச்சு. கோடியில், மிகுந்த தண்ணீர் இறங்குகிற அந்தக் கல்கட்டில், வழிய ஆரம்பித்தால் சுற்று வட்டாரத்து ஜனம் அங்கே கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, மஞ்சளும் பூவுமாக விடுவார்கள். உடைத்த தேங்காய் மூடிகளையும் தண்ணீரில் போடுவார்கள், அதைப் பிடிக்கப் பையன்கள் போட்டி போடுவார்கள். நாம் மூன்று பேரும் ஒரே சைக்கிளில் போனோம், ஸ்டாண்ட் உன் மடியில். அந்த ரோலில் பாதி, முந்தின நாள் எடுத்த ஒரு ஞானஸ்நானம். மீதி எனக்கு. மூட்டம் போட்டிருந்த வானம், லேசான தூறல். அந்த மாதிரி வெளிச்சம் கிடைக்க வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். வெளிச்சம் நுழைகிற துளையை, அப்பெர்ச்சரை, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, ஷட்டரை ஒரு நொடிக்கு வைத்தேன்.

தண்ணீரை மட்டும் கொஞ்சம் எடுத்திருப்பேன். உன் அப்பாதான் வாயைத் திறந்து கேட்டார். தானாக என்னைப் படம் எடு என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. “எப்பப் பாரு தண்ணிதானா? நாங்க இன்னா பாவம் பண்ணோம்? எங்களையும் எடுமே.” கோடியின் ஓரக்கல்லில் உன்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு நின்றார். உங்களுக்குப் பின்னால் தண்ணீர் இறங்குகிறது. ஒரு நொடி என்பது கேட்பதற்குத்தான் சின்னது, மனுஷன் அசையாமல் நிற்பதற்கு அது ரொம்ப நீளம். அதனால் கரையிலிருந்து கத்தினேன். ரெண்டு பேரும் அசையக் கூடாது, மூச்சுகூட விடக் கூடாது, கேமராவையே பார்க்கணும் என்று கத்தினேன். எப்போதும் காலாட்டிக்கொண்டே இருக்கிற மனுஷன், அன்று கல் மாதிரி நின்றார். நான் அழுத்தினேன்.

அருள், இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், இதை யாரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த மாதிரி கேமராவில் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் வழியாகத்தான் எடுப்பவருக்குக் காட்சி தெரியும். ஷட்டர் திறக்கும்போது அந்தக் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், மூடும் வரை கீழே இறங்காது. அந்த ஒரு நொடி முழுக்க எனக்கு இருட்டு. ஏரியில் இருந்த அத்தனை பேரும் உன்னைப் பார்த்திருக்கலாம், நான் பார்க்கவில்லை. இருட்டு விலகியபோது நீ கல்லில் இல்லை. தேங்காய் மூடி ஒன்று மிதந்து வர, நீ குனிந்து கை நீட்டியிருக்கிறாய், பாசி வழுக்கியிருக்கிறது. கீழே வலை போட்டுக்கொண்டிருந்த ஒருவர் உன் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்துப் போட்டார். தாடை கிழிந்து ரத்தம். நான் கேமராவில் கண் வைத்திருந்ததை நீ பார்த்தது நிஜம். நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உனக்குத் தெரியாது. இதைச் சொல்லி உன் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துடித்தேன். இப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா சைக்கிளை ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டே வந்தார். இடது கை ஹேண்டில்பாரில் இருந்தது. வலது கையை மூடி மூடித் திறந்துகொண்டே வந்தார். உன் சட்டைப் பை கிழிந்து தொங்கியது. கல்லில் மாட்டியிருக்கும் என்று நான் தைத்துப் போட்டேன். அந்த ரோலை லேப்பில் கொடுத்தபோது, ஞானஸ்நான வீட்டுக்காரர் அவசரப்படுத்தியதால் கொடுத்தேனே தவிர, தண்ணீர்ப் படத்தைப் பார்க்கிற மனசு எனக்கு இல்லை. கவரின் மேல் எதுவும் எழுதவில்லை. தாஸ் வழக்கப்படி அதையெல்லாம் விட்டுவிட்டுப் பிரிண்ட் போட்டார். அதற்குப் பிறகு நான் தண்ணீரை எடுக்கவேயில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை அடுக்கின குற்றங்களில், ‘தண்ணிய எடுத்த’ என்ற ஒன்றுதான் எனக்குச் சிரிப்பு வரவழைத்தது. கேமரா அதன்பின் கல்யாணத்துக்கும் சடங்குக்கும் மட்டும்தான் வெளியே வந்தது.

அப்பாவும் அதற்குப் பிறகு படத்துக்கு நிற்கவில்லை. நான் கேமராவை எடுத்தால் பீடி வாங்கப் போகிறேன் என்று எழுந்துவிடுவார். பொங்கல், ஈஸ்டர், உன் பத்தாம் வகுப்புப் பாஸ், எதற்கும் நிற்கவில்லை. கட்டாயப்படுத்தி உட்கார வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். என் மேல் கோபம் என்று நினைத்தேன். கோபம் என்றால் வருஷா வருஷம் அந்தப் பைப் ஸ்டாண்டுக்கு ஏன் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார் என்று எனக்கு விளங்கவேயில்லை. நானும் ரோஷக்காரி, கேட்கவில்லை. உனக்குக் கல்யாணம் ஆனால் பெண்டாட்டியிடம் இந்த ரோஷத்தைக் காட்டாதே. கேட்க வேண்டியதை அன்றைக்கே கேட்டுவிடு. சண்டை வந்தால் வரட்டும்.

ஆஸ்பத்திரியில் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசின அன்று நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். நான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். அவராகவே அந்த ஏரிப் பேச்சை எடுத்தார். “நீ அசையாதன்னு சொன்னியா, நான் ஒரு செகண்டு உன் பேச்ச கேட்டுட்டேன்மே. புள்ள போறது ஓரக்கண்ணுல தெரிஞ்சிது. அப்பவும் உன்னயே பாத்துகினு நின்னுட்டேன். கைல சட்டத் துணிதான் கெடச்சிது” என்றார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். எல்லாரும் சொல்கிற வார்த்தை. என் கையில் அத்தாட்சி ஒன்றும் இல்லை, அவர் நம்பவும் இல்லை. கேமராவைப் பார்த்தாலே எழுந்து ஓடினது ஏன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தான் அசையாமல் நின்ற அந்த ஒரு நொடியோடு அந்த மனுஷன் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். அதோடே போய்ச் சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீயும் அதையே சொன்னாய் பார், அப்பா போஸ் கொடுத்துக்கொண்டு நின்றார் என்று. அது என்னைக் குத்திவிட்டது. என்னைச் சொல், தாங்கிக்கொள்கிறேன், எனக்குத் திருப்பிக் கொடுக்க வாய் இருக்கிறது. அவரைச் சொன்னது பொறுக்கவில்லை. நீ போனதும் பரண் மேல் இருந்த நெகட்டிவ் டப்பாவை இறக்கினேன். பிரிண்ட் போடாவிட்டாலும் நெகட்டிவைத் தாஸ் பத்திரமாக வெட்டிக் கவரில் போட்டுத்தான் கொடுப்பார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் வெள்ளைத் தண்ணீர் கருப்பாக இருக்கும். கருப்பாக ஒன்று வழிந்தது. அதன் முன்னால் இரண்டு உருவம். திங்கட்கிழமை லேப்புக்கு ஓடினேன். தாஸுக்கு இப்போது தலை முழுக்க நரை. கண்ணருகே வைத்துப் பார்த்து, “இது ஷேக்குக்கா, வேஸ்ட்டா பூடும்” என்றார். கவரை வாங்கி, பழையபடி எழுதிக் கொடுத்தேன்.

இன்று காலை கைக்கு வந்தது. எதிரில் பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்தேன். எத்தனை பஸ் போனதோ தெரியாது, ஐயப்பன்தாங்கல் வண்டி, ஆவடி வண்டி எல்லாம் வந்து வந்து போயின. பக்கத்தில் கூடையோடு இருந்த பூக்காரம்மா, “இன்னாம்மா ஆச்சு, யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டார். இல்லை, கிடைத்துவிட்டார் என்றேன். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

நீ பார்க்கப் போவது இதுதான். பின்னால் தண்ணீர், காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரே வெள்ளையாக இறங்குகிறது. நான் எடுத்ததிலேயே நல்ல தண்ணீர் அது, அதையும் சொல்லிக்கொள்கிறேன். நீ இடுப்பு வரை தெளிவாக இருக்கிறாய், அரை டிரவுசர் தெரிகிறது. இடுப்புக்கு மேலே புகை, தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த ஆரஞ்சுச் சட்டையின் கலர் மட்டும் இருக்கிறது. உன் அப்பாவின் முகத்தைப் பார். கண் திறந்திருக்கிறது, மீசைக்குக் கீழே அந்தக் கள்ளச் சிரிப்பு அப்படியே இருக்கிறது. இடது கை தொடையோடு ஒட்டி, கொடிக்கம்பம் மாதிரி நேராக இருக்கிறது. வலது கையைத் தேடு. இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. தோளிலிருந்து ஒரு மங்கலான கோடு கிளம்புகிறது, அதன் ஊடாகக் கல்லெல்லாம் தெரிகிறது, அது நேரே போய் உன் சட்டையின் ஆரஞ்சுக்குள் நுழைகிறது. உன் பை கிழிந்த இடத்தில்தான் நுழைகிறது.

ஷட்டர் மூடுவதற்குள் அவர் கை உன்னிடம் வந்துவிட்டது, அருள். அவர் நிற்கவில்லை. நான் அசையாதே என்று சொன்னதை முகம் மட்டும்தான் கேட்டது. முகத்துக்குச் செய்தி போய்ச் சேருவதற்கு முன்பே கை ஓடிவிட்டது. அது அவருக்கே தெரியவில்லை. நீ பார்த்தது முகத்தை, அவர் நினைவில் வைத்திருந்ததும் முகத்தை. அவர் உயிரோடு இருக்கும்போது இந்த ஒரு பிரேமைப் பிரிண்ட் போட்டிருந்தால் போதுமாக இருந்திருக்கும். அவரிடம் சொல்ல வழி இல்லை. உன்னிடமாவது சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் துணி அலசுவதை விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

இந்தப் படத்தைக் கொண்டு போ. முத்திரை விழுந்த அந்த அட்டைப் படம் இங்கேயே இருக்கட்டும். அங்கே உன் அறையில் இருக்கிறவர்கள் படம் கலங்கியிருக்கிறது என்றால், ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போ, எல்லாருக்கும் கதை சொல்லிக்கொண்டிருக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. யாராவது உன்னைக் கவனிக்கவில்லை என்று தோன்றினால், வருஷக்கணக்காக மனசில் பூட்டி வைக்காமல் முதலில் ஒரு போன் போட்டுத் திட்டு. இனி சித்தி வீட்டு விஷயம். அவள் கையால் காப்பி குடிக்க மாதம் ஒரு தரம் போவேன், குடியிருக்கப் போகமாட்டேன். ஸ்டாண்டை இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன், அவர் போட்ட எண்ணெய் இன்னும் காயவில்லை. இந்த மழைக்கு ஏரி கோடி போனால் நான் அங்கே இருப்பேன். அதைத் தூக்கத் தோள் தாங்குமா என்று நீ கேட்பாய். தாங்காவிட்டால் ஆட்டோவில் கொண்டு போவேன்.

வியாழக்கிழமை விமான நிலையத்தில் நீ உள்ளே போகும்போது நான் அழப்போவதில்லை. சித்தி அழுவாள், அவளுக்கு அது வரும். நான் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அசையாமல், முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு நிற்பேன், என் சுபாவம் அது. அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நீ திரும்பிவிடாதே. முகத்தைப் பார்த்து நீ ஒரு தடவை ஏமாந்தது போதும். என் கையைப் பார்.